நெல்லித்தோப்பு அங்கம்மாள் கோழி காத்த கதை

நெல்லித்தோப்பில் அங்கம்மாள் வீடு எது என்று கேட்டால் யாரும் தெருப் பேரைச் சொல்ல மாட்டார்கள். "கோழி கத்துற வீடு" என்பார்கள். கத்துவது கோழியா அங்கம்மாளா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம் என்று கேலி செய்கிறவர்களும் உண்டு. பொய்யில்லை. காலாப்பட்டுக் குப்பத்தில் பிறந்து, அலைச் சத்தத்துக்கு மேலே அப்பனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் திறந்த தொண்டை அது. டவுனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இருபது வருஷம் ஆகியும் அதைக் குறைக்க அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் குறைத்திருக்க மாட்டாள், அது வேறு விஷயம்.

அவள் புருஷன் காசிலிங்கமும் கடற்கரைக்காரன்தான். ஆனால் கட்டுமரத்தில் ஏறினால் வாந்தி எடுப்பான். கடலைக் கண்டு குமட்டுகிற மீன்காரன் என்று குப்பமே சிரித்ததில் ரோஷம் வந்து, புதுச்சேரிக்கு ஓடி வந்து பஞ்சாலையில் சேர்ந்தான். சேர்ந்தவன் சும்மா இருக்கவில்லை. இரண்டு அறை, ஒரு கிணறு, பின்னால் கைக்கு அடக்கமான கொல்லை என்று சொந்தமாய் ஒரு வீட்டைக் கட்டி நிமிர்த்திவிட்டுத்தான் ஐம்பத்தாறாம் வருஷத்துக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். பிள்ளை குட்டி இல்லை. வீடு இருந்தது, அங்கம்மாள் இருந்தாள்.

கருமாதி முடிந்த அன்றைக்கே தம்பி பஞ்சநாதன் வந்து நின்றுவிட்டான்.

"யக்கா, கெளம்பு. தனியா ஒரு பொம்பள டவுன்ல இன்னா பண்ணப் போற? ஊடு கெடக்கட்டும், எவனுக்காவது வாடகைக்கு உட்ரலாம்."

அவன் நல்லவன்தான். நல்லவர்களிடம்தான் தப்பிப்பது கஷ்டம். அங்கம்மாள் ஒரு மாசம் காலாப்பட்டில் போய் இருந்து பார்த்தாள். தம்பி பெண்டாட்டி தில்லையம்மாளும் கெட்டவள் இல்லை. அண்ணி அண்ணி என்று மரியாதையாகத்தான் நடத்தினாள். ஆனால் உப்பு எந்தச் சட்டியில் இருக்கிறது என்று கேட்டுத்தான் எடுக்க வேண்டியிருந்தது. தட்டில் வைத்தபோது சாப்பிட வேண்டியிருந்தது, வைத்ததைச் சாப்பிட வேண்டியிருந்தது. இருபது வருஷம் தன் அடுப்பைத் தானே ஆண்டவளுக்கு அந்த ஒரு மாசம் தொண்டையில் முள் சிக்கியது போல இருந்தது. "எனக்கு என் ஊட்ல வேல கெடக்குது" என்று சொல்லிவிட்டு நடந்தே நெல்லித்தோப்புக்கு வந்து சேர்ந்தாள்.

பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கித் தலைச்சுமையாகத் தெருத் தெருவாக விற்றாள். ஒரு நாள் மார்க்கெட் படியில் செதில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடி. எழுந்து நடக்கலாம், கூடை தூக்க முடியாது என்று ஆகிவிட்டது. செய்தி கேட்டு மறுபடியும் பஞ்சநாதன் வந்தான்.

"இப்ப எதுல பொழப்ப?"

"கோழி வளப்பேன்."

அவன் சிரித்தான். கடலோரத்தில் பிறந்தவளுக்குக் கோழியைப் பற்றி என்ன தெரியும் என்கிற சிரிப்பு. கடைசியில், "சரி, வர்ற மாசி மகம் வரைக்கும் பாக்குறேன். மகத்துக்கு சாமி தூக்கினு வைத்திக்குப்பம் கடலாண்ட வருவோம் இல்ல, அப்ப நீ கோழிய வச்சி பொழச்சினு இருந்தா இரு. இல்லாட்டி பேசாம வண்டி ஏறணும். ஊரு என்னியத்தான் கேக்குது" என்றான்.

"மகத்துக்கு வா, பாரு" என்றாள் அங்கம்மாள். சொல்லிவிட்டு, மடியில் இருந்த சில்லறையை எண்ணிப் பார்த்தாள்.

நாலு பெட்டையும் ஒரு சேவலும் வாங்கி விட்டாள். கோழிக்கு இரை தேடி அவள் அலையவில்லை. மார்க்கெட்டில் பழகின கைகள் மீன் குடலும் செதிலும் அள்ளிக் கொடுத்தன. அதைத் தவிட்டில் பிசைந்து வைத்தால் கோழிகள் கண்ணை மூடிக்கொண்டு தின்றன. அடை வைத்தாள், குஞ்சு பொரித்தது. பருந்துக்கும் காக்காய்க்கும் போனது போக மிஞ்சியது வளர்ந்தது. ஐம்பத்தேழாம் வருஷத்துத் தீபாவளிக்குப் பதினோரு பெட்டை நின்றன. கொண்டைக் கருப்பி, செம்மி, புள்ளி என்று பேர் வைத்துக் கூப்பிட்டாள். பேர் சொல்லித் திட்ட வேண்டாமா.

முட்டையை வாங்கிக்கொண்டு போனவள் எதிர்வீட்டு ரோசா. கடற்கரைப் பக்கம் ஒரு பிரெஞ்சுக்கார மதாம் வீட்டுக் குசினியில் சமையல் வேலை அவளுக்கு. பிரெஞ்சுக் கொடி இறங்கி மூன்று வருஷம் ஆகியும் அந்த மதாம் கப்பல் ஏறவில்லை. தினம் காலையில் ஆம்லெட் இல்லாமல் அவளுக்குப் பொழுது விடியாது. மதாம் வழியாக இன்னும் இரண்டு வீடு, கோயில் தெரு ரொட்டிக்கடை ஒன்று என்று முட்டை போய்க்கொண்டே இருந்தது. அங்கம்மாள் அரிசி வாங்கினாள், எண்ணெய் வாங்கினாள், யாரையும் கேட்காமல் தன் உப்பைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

இந்த இடத்தில்தான் கீரி வருகிறது.

கார்த்திகை மழையில் கொல்லைக் குளியலறை ஓரமாக ஒரு நல்ல பாம்பு வந்து படம் எடுத்து நின்றது. அங்கம்மாள் சொம்போடு சுவரில் ஒட்டிக்கொண்டாள். மதில் மேலிருந்து பழுப்பாய் ஒன்று குதித்தது. குதித்தது தெரிந்தது, அப்புறம் நடந்ததைக் கண்ணால் பின்தொடர முடியவில்லை. பாம்பு இரண்டு துண்டாய்க் கிடந்தது. பக்கத்து வீட்டு மாரியப்பன் மதிலுக்கு மேல் தலையை நீட்டி எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். வெள்ளைக்காரன் காலத்தில் மேரி எனும் நகரசபை ஆபீசில் டவாலி போட்டு நின்ற பியூன் அவர். சொல்வது எதையும் உத்தரவு மாதிரிதான் சொல்வார்.

"அங்கம்மா, கீரிப்புள்ள தானா வந்து காவல் நிக்கிற ஊடு லேசுல அமையாது. அத்த வெரட்டாத, அடிக்காத. கீரிய அடிச்சா குடும்பத்துக்கு ஆவாது."

அங்கம்மாள் அடிப்பாளா? உயிரைக் காப்பாற்றின ஜீவன் ஆயிற்றே. அன்றையிலிருந்து தினம் ஒரு மீன் தலையை மதில் மேல் வைத்தாள். கீரியும் தவறாமல் வந்து தின்றுவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு போயிற்று. தெருவே வந்து பார்த்தது.

மார்கழி பிறந்ததும் கோழி காணாமல் போக ஆரம்பித்தது. முதலில் புள்ளி. நாலு நாள் கழித்து இன்னொன்று. இறகு கூட மிஞ்சவில்லை. மரநாய்தான் என்றாள் அங்கம்மாள். ராத்திரி கூட்டுக் கதவுக்கு அம்மிக்கல்லை அண்டக் கொடுத்தாள், கூட்டுக்குப் பக்கத்திலேயே பாயை விரித்துப் படுத்தாள். பனியில் சளி பிடித்ததுதான் மிச்சம், காலையில் எண்ணினால் கோழி சரியாக இருக்கும், சாயங்காலம் எண்ணினால் ஒன்று குறையும். காலைக்கும் சாயங்காலத்துக்கும் நடுவில் பகல் என்று ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றி அவள் யோசிக்கவே இல்லை. திருடன் என்றால் இருட்டில்தான் வருவான் என்று யார் அவளுக்குச் சொன்னார்களோ.

பொங்கல் கழிந்து ஒரு மத்தியானம். மாதா கோயிலில் பன்னிரண்டு மணி அடித்தது. தெருக்குழாயில் கூட்டம் என்று பாதிக் குடத்தோடு திரும்பி வந்த அங்கம்மாள் கொல்லைக் கதவைத் திறந்தாள். செம்மியின் கழுத்தைக் கவ்விக்கொண்டு, தன் உடம்பைவிடப் பெரிய பாரத்தைப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது கீரி. அவளைப் பார்த்தது. தினம் சோறு போடுகிறவள்தானே என்று நினைத்ததோ என்னவோ, அவசரப்படவில்லை. மதிலுக்கு அடியில் தண்ணீர் போகிற ஓட்டை வழியாகச் செம்மியையும் இழுத்துக்கொண்டு மறைந்தது.

அங்கம்மாள் குடத்தைப் போட்டு உடைத்தாள். கோபத்தில் இல்லை, அவமானத்தில். மீன் தலை வைத்து, வழி காட்டி, விருந்துக்கு அழைத்தவளே அவள்தானே.

கத்தின கத்தலில் ரோசா ஓடி வந்தாள், மாரியப்பன் மதில் மேல் முளைத்தார்.

"கீரியா? கீரி அப்புடி பண்ணாதே" என்றார் மாரியப்பன்.

"மாரியப்பண்ணே, என் கண்ணு ரெண்டும் நல்லாத்தான் கீது."

"இருந்தாலும் அடிச்சிடாத. பாம்ப கொன்னு குடுத்துருக்குது."

இதில்தான் அங்கம்மாள் மாட்டிக்கொண்டாள். அடிக்கவும் மனசு வராது. உயிர் கொடுத்த கடன் இருக்கிறது, அதோடு பாவத்துக்கும் பயம். விடவும் முடியாது. கொல்லையில் ஆறு பெட்டைதான் பாக்கி. மாசி மகத்துக்கு ஒரு மாசம்கூட இல்லை.

"அடிக்க மாட்டேன். வேலி போடுறேன்" என்றாள்.

மீன்காரப் பெண் வேலி போட்டால் எதில் போடுவாள்? வலையில்தான். உலகத்தில் எதையும் வலை தடுத்துவிடும் என்பது அந்த ஜனங்களுக்கு ரத்தத்தில் ஊறின நம்பிக்கை. வைத்திக்குப்பம் போய்ப் பழைய நெத்திலி வலை ஒன்று வாங்கி வந்தாள். கண் பொடியாக இருக்கும், எறும்பு கூட யோசித்துத்தான் நுழையும். கொல்லையைச் சுற்றி மூங்கில் நட்டு, வலையை வீணைத் தந்தி மாதிரி விறைப்பாக இழுத்துக் கட்டினாள். விரலால் சுண்டினால் திரும்ப அடித்தது. தெருப் பெண்கள் வந்து பார்த்துவிட்டு மூக்கில் விரல் வைத்தார்கள். அங்கம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் வலையில் கைமுட்டி அளவுக்கு ஓட்டை. கத்தரியால் வெட்டினது போல விளிம்பு. கொண்டைக் கருப்பியைக் காணோம்.

அவளுக்கு அழுகை வந்தது. புருஷன் செத்தபோது ஊரைக் கூட்டி அழுதவள், இப்போது சத்தமில்லாமல் அழுதாள். அதைத்தான் ரோசாவால் தாங்க முடியவில்லை. அதே வாரம் காலாப்பட்டிலிருந்து கருவாடு விற்க வந்தவள் தம்பி சொல்லி அனுப்பியதையும் சொல்லிவிட்டுப் போனாள். மகத்தன்று வண்டியோடு வருகிறானாம், சட்டி பானையைக் கட்டி வைக்க வேண்டுமாம். வாடகைக்கு ஆள் கூடப் பார்த்துவிட்டானாம்.

"போய்த்தான் ஆவணுமா அங்கம்மா?" என்றாள் ரோசா.

"வண்டி வரட்டும், அப்பறம் பாக்கலாம்" என்றாள் அங்கம்மாள். அந்தக் குரலில் பழைய பலம் இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் ஆத்திரத்தில் வலையைப் பிய்த்து மூலையில் குவியலாக எறிந்தாள். மறுநாள் காலையில் கூடு திறந்து கோழியை விட்டாள். விட்ட கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மூலையில் ஒரே கொக்கரிப்பு. மீன் வாடைக்குக் குவியலைக் கிளறப் போன ஒரு அசட்டுப் பெட்டை காலை மாட்டிக்கொண்டு கிடந்தது. உதறியது, இன்னொரு காலும் மாட்டியது. இறக்கையை அடித்தது, இறக்கையும் போயிற்று. அங்கம்மாள் போவதற்குள் தன்னைத்தானே மூட்டை கட்டிக்கொண்டு கிடந்தது. அதை அவிழ்க்க அவளுக்கு அரை மணி நேரம் பிடித்தது.

அவிழ்த்து முடித்துக் கோழியை விட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அப்புறம் தன் தலையில் தானே ஓங்கி ஒரு போடு போட்டுக்கொண்டாள்.

"அடி கூறுகெட்டவளே" என்று தன்னைத்தான் திட்டினாள். கடலில் எவனாவது வலையை விறைப்பாகக் கட்டுவானா? விறைப்பாக நிற்கிற வலை சுவர். சுவரை எதுவும் முட்டும், பல் இருந்தால் கடிக்கும். தொய்வாகத் தொங்குகிற வலைதான் வலை. முட்டினால் கூடவே போகும், திமிறினால் சுற்றிக்கொள்ளும், கடிக்கப் பல்லுக்குப் பிடி கொடுக்காது. குப்பத்தில் நண்டு கூட அறிந்த விஷயம். டவுனுக்கு வந்து வேலி வேலி என்று டவுன்காரர்கள் மாதிரி யோசித்ததில் அவளுக்கு மறந்துவிட்டது.

இடுப்பு வலியைப் பார்க்காமல் மறுபடியும் வைத்திக்குப்பத்துக்கு நடந்தாள். இந்தத் தடவை கேட்டது கானாங்கெளுத்தி வலை. கீரித் தலை நுழையும், தோள் நுழையாது, அந்த அளவுக் கண். நூலும் தடிப்பு. கோழிப் பக்கம் பனைமட்டையை நெருக்கி நட்டு உள்வேலி போட்டாள். அதற்கு வெளியே ஒரு முழம் தள்ளி, மேலே மட்டும் கயிற்றில் கோர்த்து, கீழே பாவாடை மாதிரி மடிப்பு மடிப்பாக வலையைத் தொங்கவிட்டாள். தண்ணீர் ஓட்டைக்கு நேரே மட்டும் இரண்டு மடங்கு தொய்வு. அடிக்கயிற்றில் அங்கங்கே கூழாங்கல் கட்டினாள். ஆறு நாள் வேலை. பார்க்க அலங்கோலமாகத்தான் இருந்தது.

"முன்ன கட்டுனது லட்சணமா இருந்துச்சி" என்றார் மாரியப்பன்.

"லட்சணத்த வச்சி மாலை கட்டுங்கண்ணே. நான் கோழி வளக்குறேன்."

மதில் மேல் மீன் தலை வைப்பதையும் நிறுத்தினாள். ஒரு வாரம் கீரி மதில் மேலேயே நடந்து, தலையைத் தூக்கிப் பார்த்து, கீழே இறங்காமல் போயிற்று. அதுவும் லேசுப்பட்டதில்லை. ஐந்து பெட்டையும் உள்ளே பத்திரமாக இருந்தன. ஆனால் அங்கம்மாளுக்கு அது போதவில்லை. இன்னும் வெளியில் நடமாடுகிறதே, என்றைக்குத் துணியுமோ.

மாசி மகம் வந்தது. விடியற்காலையிலேயே வைத்திக்குப்பம் பக்கம் மேளச் சத்தம். பத்து மணிக்கு மேல் அங்கம்மாள் வாசலில் மாட்டு வண்டி வந்து நின்றது. தீர்த்தம் ஆடின ஈரத்தலையோடு பஞ்சநாதன் இறங்கினான், பின்னாலேயே தில்லையம்மாள். வண்டியில் வைக்கோல் பரப்பி, சாமான் கட்டக் கயிறும் கொண்டு வந்திருந்தான்.

"யக்கா, கட்டி வச்சிட்டியா?"

"ஒக்காரு. மொதல்ல சாப்புடு."

"சாப்பாடு ஊட்டுக்குப் போயி சாப்டுக்கலாம். எத்தினி கோழி கீது?"

"அஞ்சு."

"பதினொண்ணு இருந்துச்சின்னு சொன்னாங்க." அவன் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. "போதும்க்கா. நீ பட்டது போதும். அஞ்சையும் கால கட்டி வண்டியில போடு."

தில்லையம்மாள் அதற்குள் அடுப்படிக்குப் போய், எடுத்துக்கொண்டு போக வேண்டிய சட்டிகளை ஒதுக்க ஆரம்பித்திருந்தாள். தன் சட்டி இன்னொருத்தி கையில் சத்தம் போடுவதை அங்கம்மாள் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

கோயிலில் பன்னிரண்டு மணி அடித்தது. கடைசி மணி ஓயவில்லை, கொல்லையில் கோழிகள் அலறின. அந்தச் சத்தத்துக்குள்ளே வேறொரு சத்தம், கிரீச் கிரீச் என்று.

இடுப்பு வலிக்காரி எப்படி ஓடினாள் என்று ரோசா பின்னால் பல நாள் கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாருக்கும் முன்னால் அங்கம்மாள்தான் கொல்லையில் நின்றாள். தண்ணீர் ஓட்டைக்கு எதிரே, இரட்டைத் தொய்வுக்குள், வால் எது தலை எது என்று தெரியாமல் ஒரு பழுப்பு மூட்டை உருண்டுகொண்டிருந்தது. உருள உருள வலை இறுகியது. உள்வேலிக்குப் பின்னால் ஐந்து பெட்டையும் சேவலும் கழுத்தை நீட்டி வேடிக்கை பார்த்தன.

அங்கம்மாள் ஈரச் சாக்கை எடுத்து அதன் மேல் போட்டு அமுக்கினாள். பக்கத்தில் பஞ்சநாதன் வந்து நின்றான். அவன் கீரியைப் பார்க்கவில்லை. வலையைப் பார்த்தான். குனிந்து மடிப்பைத் தூக்கிப் பார்த்தான், கண்ணை விரல் வைத்து அளந்தான், அடிக்கயிற்றுக் கல்லைக் கையில் வைத்து எடை பார்த்தான். சின்ன வயசிலிருந்து வலையில் சோறு தின்றவன். அவனுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"யாரு கட்டுனது?"

"வேற யாரு கீறா இந்த ஊட்ல?"

அவன் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தரையில கீரிக்கு வலை போட்டவள இப்பத்தான் பாக்குறேன். நம்ம குப்பத்துல பாதிப் பேருக்கு இவ்ளோ நல்லா தொய்வு உடத் தெரியாது" என்றான்.

தம்பி வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததும் அங்கம்மாளுக்குத் தொண்டை திறந்துகொண்டது.

"தெரிஞ்சிதா? அப்ப உள்ள போயி உன் பொண்டாட்டிகிட்ட என் சட்டியெல்லாம் எடுத்த எடத்துல வைக்கச் சொல்லு. உப்புச் சட்டி அடுப்புக்கு வலப்பக்கம்."

தில்லையம்மாள் கதவோரம்தான் நின்றிருந்தாள். சிரித்துவிட்டு, "வச்சிடுறேன் அண்ணி" என்று உள்ளே போனாள்.

"இத்த இன்னா பண்ணப் போற?" என்று கீரியைக் காட்டிக் கேட்டார் மதில் மேலிருந்து மாரியப்பன். "கொன்னுடாத அங்கம்மா."

"ஏன் கொல்றேன்? பாம்பக் கொன்னு என் உசுரக் காப்பாத்துன மகராசன். பாம்பு இருக்கற எடமாப் பாத்து அனுப்பி வைக்கிறேன்." தம்பி பக்கம் திரும்பினாள். "உங்க ஊட்டுப் பின்னால தாழம்புதர்ல எத்தினி பாம்பு?"

"அது கெடக்குது ஏராளம்" என்றான் பஞ்சநாதன். சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது. "யக்கா, உன்னிய கூட்டினு போவ வந்தேன்க்கா."

"வண்டி சும்மா போவக் கூடாது இல்ல?"

"யாரு அவுக்குறது இத்த? கடிச்சி வைக்குமே."

"கடல்ல சுறாவ அவுக்குறவனுக்குக் கீரி ஒரு பெரிசா? போயி அந்தத் தாழம்புதர்ல அவுத்து உடு. வலைய மட்டும் அறுக்காத, எனக்குத் திருப்பி அனுப்பு."

மூடி போட்ட மீன் கூடையில் வலையோடு கீரியை இறக்கி, சாமான் கட்டக் கொண்டு வந்த கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். அப்புறம் எல்லாரையும் உட்கார வைத்து, தன் கோழி இட்ட முட்டையில் குழம்பு வைத்துப் பரிமாறினாள். யாருக்கு எப்போது எவ்வளவு போடுவது என்பதை அவள்தான் முடிவு செய்தாள். தம்பிக்கு மூன்று முட்டை வைத்தாள்.

சாயங்காலம் வண்டி கிளம்பியது. நெல்லித்தோப்பே தெருவில் நின்று பார்த்தது. அக்காளையும் சட்டி பானையையும் ஏற்றிப் போக வந்த வண்டியில் ஒரே ஒரு கூடை, கூடைக்குள் இருந்து உறுமல். பஞ்சநாதன் மாட்டை ஓட்டப் போனவன் திரும்பினான்.

"யக்கா, அடுத்த தடவ அடை வைக்கிறப்ப எங்களுக்கும் ரெண்டு பெட்ட குடேன்."

"குடுக்க மாட்டேன். உன் ஊட்லதான் கீரி கீதே" என்றாள் அங்கம்மாள், தெருக்கோடி வரைக்கும் கேட்கிற குரலில்.

அடுத்த வருஷம் தீபாவளிக்கு அவளிடம் இருபத்திரண்டு பெட்டை இருந்தன. மாசி மகம் வருஷா வருஷம் வந்தது, பஞ்சநாதனும் வந்தான். சாப்பிட்டான், வலையைச் சுற்றிப் பார்த்தான், முட்டை வாங்கிக்கொண்டு போனான். எப்போது கிளம்புகிறாய் என்று அவளை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.